கஜாக்கி அணைக்குப் போன டர்பைன்



போரில் நொறுங்கிய ஒரு நாட்டை வெளிநாட்டார் நிமிர்த்திக் கொடுக்க முடியுமா என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். பொஸ்னியா, கொசோவோ, ஈராக், லைபீரியா என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டு போனால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். வீட்டுக்குப் போகும்போது ஒன்றும் மனதில் தங்காது. ஆகவே ஒரே நாட்டைப் பிடித்துக்கொள்கிறேன். 2001 முதல் 2021 வரையிலான ஆப்கானிஸ்தான். அங்கும் முதலில் ஓர் இயந்திரத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஹெல்மண்ட் மாகாணத்தின் வடக்கு மூலையில் கஜாக்கி என்ற அணை இருக்கிறது. 1950-களில் மாரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம் கட்டியது. 1975-ல் அங்கே மின்நிலையம் அமைத்தபோது இரண்டு டர்பைன்களைப் பொருத்திவிட்டு, மூன்றாவதற்கு நடுவில் இடம் விட்டு வைத்தார்கள். பிறகு சோவியத் படை வந்தது, முஜாஹிதீன்கள் வந்தார்கள், தாலிபான் வந்தது. அந்த இடம் காலியாகவே கிடந்தது. அதை நிரப்புவதற்காக 2008 ஆகஸ்ட் கடைசியில் காந்தஹாரிலிருந்து ஒரு வாகன வரிசை கிளம்பியது. சுமார் நூறு வண்டிகள். அவற்றில் சீனாவில் செய்த டர்பைனின் பாகங்கள், 200 டன்னுக்கு மேல். காவலுக்கு பிரிட்டிஷ், அமெரிக்க, கனடிய, ஆப்கன் படையினர் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். இருக்கிற சாலையில் போனால் வழிநெடுகக் கண்ணிவெடி என்பதால் பாலைவனத்தில் புதிய தடம் போட்டுக்கொண்டு போனார்கள். சுமார் 180 கிலோமீட்டரைக் கடக்க நாட்கணக்கில் ஆயிற்று. டர்பைன் பத்திரமாக அணைக்குப் போய்ச் சேர்ந்தது. லண்டன் பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாடத் தகுந்த காரியம்தான்.

டர்பைனை நிறுத்த அடித்தளம் போட வேண்டும். அதற்குப் பல நூறு டன் சிமென்ட் வேண்டும். சிமென்ட் லாரிகள் தினமும் பாலைவனத்தைச் சுற்றி வர முடியாது, அவை சாலையில்தான் வர வேண்டும். சாலை தாலிபான் கையில் இருந்தது. யானை வாங்கியாயிற்று, அங்குசம் வாங்க வழியில்லை. பொருத்துவதற்காக வந்திருந்த சீன ஒப்பந்தக்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பாகங்கள் அங்கேயே பெட்டிகளில் கிடந்தன. அந்த டர்பைன் ஓடத் தொடங்கியது 2016 அக்டோபரில்.

இடைப்பட்ட காலத்தில் பழைய இரண்டு டர்பைன்களைப் பழுதுபார்த்து மின்சாரத்தைக் கூட்டியிருந்தார்கள். கம்பிகள் போகிற வழியில் இருந்த பல ஊர்கள் தாலிபான் வசம் இருந்தன. அந்த ஊர்களில் மின்கட்டணம் வசூலித்தவர்களும் தாலிபான்களே. அமெரிக்கர்கள் வரி கட்டுகிறார்கள், நிலையம் ஓடுகிறது, பில் பணம் எதிராளியின் பைக்குப் போகிறது. காந்தஹார் நகரத்துக்கோ கஜாக்கி மின்சாரம் போதுமான அளவு வந்து சேரவில்லை. அது வரும்வரை சமாளிக்கலாம் என்று அமெரிக்க ராணுவம் அங்கே டீசல் ஜெனரேட்டர்களை வைத்தது. டீசலுக்கு மானியம் கொடுத்த காலம்வரை தொழிற்சாலைகள் ஓடின. மானியம் நின்றதும் பலவற்றில் ஷட்டர் இறங்கியது.

இந்தக் கதையில் திறமைக் குறைவு எங்கும் இல்லை. பணம் இருந்தது, பொறியாளர்கள் இருந்தார்கள், வீரம் இருந்தது. இல்லாமல் போனது ஒன்றே ஒன்று: அந்தச் சாலை யாருடையது, அதில் யார் சொல் செல்லும் என்ற உடன்பாடு. இன்று நான் சொல்ல வந்ததே இதுதான். சாமானை வெளியிலிருந்து கொண்டுபோகலாம். பணத்தையும் கொண்டுபோகலாம். யாருக்கு யார் கட்டுப்படுவது, யாருக்கு எவ்வளவு பங்கு என்ற ஏற்பாட்டை அந்த மண்ணின் ஆட்களே உட்கார்ந்து பேரம் பேசித்தான் உண்டாக்க முடியும். இதில் ஒரு விபரீதம் உண்டு. வெளிப்பணம் ஓர் அளவுக்கு மேல் வந்துவிட்டால், அந்தப் பேரத்துக்கான தேவையே அற்றுப்போகிறது.

பேரம் தொடக்கத்திலேயே எப்படிக் கெட்டது என்று பார்ப்போம். 2001 டிசம்பர் 5-ம் தேதி ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே பீட்டர்ஸ்பெர்க் விடுதியில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேசையைச் சுற்றி நான்கு ஆப்கன் குழுக்கள். தாலிபானை எதிர்த்துப் போரிட்ட வடக்குக் கூட்டணிக்காரர்கள், ரோமில் இருந்த முன்னாள் மன்னர் ஜாஹிர் ஷாவின் ஆட்கள், சைப்ரஸ் குழு, பெஷாவர் குழு. போரில் தோற்றுக்கொண்டிருந்த தாலிபானுக்கு நாற்காலி போடவில்லை. அதே நாட்களில் காந்தஹார் பக்கம் தாலிபான் தலைவர்கள் சிலர், இடைக்கால அரசின் தலைவராகவிருந்த ஹமீத் கர்சாயிடம் தூது அனுப்பிச் சரணடைவது பற்றிப் பேசினார்கள். தாலிபானின் உச்சத் தலைவர் முல்லா உமர் கௌரவமாக ஊரில் வாழ்வதற்கு இடம்கொடுக்கும் எந்த ஏற்பாட்டையும் ஏற்க முடியாது என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் கைவிரித்துவிட்டார்.

செப்டம்பர் 11 நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. நியூயார்க்கில் இடிபாடுகளின் புகை அடங்காத நேரத்தில் தாலிபானோடு உட்காருங்கள் என்று சொல்வதற்கு வாஷிங்டனில் யாருக்கும் துணிவு வந்திருக்காது. அவர்களைக் குற்றம் சொல்வது இன்று நமக்கு எளிது. ஆனால் விளைவு விளைவுதான். பான் கூட்டத்தை நடத்திய ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமியே, தாலிபானைச் சேர்க்காதது பிழை என்று பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். 2001-ல் அவர்கள் கையில் ஒன்றுமில்லாதபோது கேட்டிருக்கக்கூடிய விலை மிகச் சிறியது. 2020 பிப்ரவரி 29-ல் தோஹாவில் அமெரிக்கா அவர்களோடு கையெழுத்துப் போட்டபோது, காபூல் அரசுக்கு நாற்காலி இல்லை. அந்த அரசின் சிறைகளில் இருந்த ஐயாயிரம் தாலிபான் கைதிகளை விடுவிப்பது பற்றி, அந்த அரசை வெளியே நிறுத்திவிட்டு எழுதினார்கள்.

பான் ஒப்பந்தத்துக்குப் பின் வேலையைப் பங்குபோட்டார்கள். ராணுவத்தை அமெரிக்கா உருவாக்கும், காவல்துறையை ஜெர்மனி பார்த்துக்கொள்ளும், நீதித்துறை இத்தாலிக்கு, போதைப்பொருள் ஒழிப்பு பிரிட்டனுக்கு, ஆயுதக் குழுக்களைக் கலைப்பது ஜப்பானுக்கு. காகிதத்தில் அழகான பங்கீடு. களத்தில், ஒரு திருடனைப் பிடிப்பதற்கு ஜெர்மனி, விசாரிப்பதற்கு இத்தாலி என்றாகிவிட்டது. ஜெர்மானியர்கள் காபூலில் அகாடமி வைத்து அதிகாரிகளுக்குப் பல ஆண்டுப் படிப்பு நடத்தினார்கள். இவ்வளவு மெதுவாகப் போனால் ஆகாது என்று அமெரிக்கர்கள் தனியார் நிறுவனம் ஒன்றைக் கொண்டு சில வாரப் பயிற்சியில் போலீஸ்காரர்களைத் தயாரித்து அனுப்பினார்கள். 2004-ல் வந்த இடைக்காலக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை எழுதியதில் இத்தாலியர்கள் கைதான் ஓங்கியிருந்தது. கிராமத்தில் இரண்டு குடும்பங்களுக்கு நிலத்தகராறு என்றால் அவர்கள் அந்தச் சட்டத்தைத் தேடிப் போகவில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடும் ஜிர்காவுக்குப் போனார்கள், அல்லது தாலிபானின் நடமாடும் நீதிபதியிடம் போனார்கள். அவர் லஞ்சம் கேட்பதில்லை, வாய்தா கொடுப்பதில்லை, அன்றைக்கே தீர்ப்புச் சொன்னார். தீர்ப்பு கொடூரமாகவும் இருக்கலாம். ஆனாலும் வழக்கு முடிந்தது. தாலிபானின் நிழல் அரசு அப்படித்தான் வேர்விட்டது.

இனி பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கோளாறின் மையம் அங்கேதான் இருக்கிறது. ஆப்கன் மறுகட்டமைப்புக்காக அமெரிக்கா ஒதுக்கிய தொகை சுமார் 14,500 கோடி டாலர் என்று அந்நாட்டின் சிறப்புத் தணிக்கை அமைப்பான சிகார் 2021-ல் கணக்குச் சொன்னது. போர் நடத்திய செலவு தனி, அது 83,700 கோடி. 2002 ஏப்ரலில் அதிபர் புஷ் ஆப்கானிஸ்தானைப் பற்றிப் பேசும்போது மார்ஷல் திட்டத்தை நினைவூட்டினார். பணவீக்கத்தைச் சரிசெய்து பார்த்தாலும் ஆப்கன் செலவு மார்ஷல் திட்டத்தை மிஞ்சிவிட்டது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. 1948-ன் மேற்கு ஐரோப்பாவில் கட்டடங்கள்தான் விழுந்திருந்தன. வரி வசூலிக்கிற அலுவலகம், பதிவேடு, குமாஸ்தா, கணக்கர் எல்லாம் இருந்தார்கள். காபூலில் 2002-ல் அமைச்சகம் என்றால் உடைந்த ஜன்னலும் ஒன்றிரண்டு மேசைகளும்.

2010-களின் இறுதியில் அந்த நாட்டின் பொதுச்செலவு ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி டாலர். உள்நாட்டில் வசூலானது சுமார் 250 கோடி. முக்கால் பங்குக்கு மேல் கொடையாளிகள் தந்தார்கள். இதை வெறும் பற்றாக்குறை என்று பார்க்கக் கூடாது. அரசுக்கு ஆண்டு முழுவதும் யாரைச் சமாதானப்படுத்துகிற வேலை இருக்கிறது என்று பாருங்கள். ஹெராத் வியாபாரியிடம் வரி கேட்டால் அவன் திருப்பிக் கேட்பான்: என் சாலை எங்கே, என் சரக்குக்குக் காவல் எங்கே? வாஷிங்டனிடமும் பிரஸ்ஸல்ஸிடமும் கேட்டால் அவர்கள் கேட்பது அறிக்கை. ஆங்கிலத்தில் நல்ல அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் காபூலில் பெரிய மனிதர்களானார்கள். நன்கு படித்த ஆசிரியர்களும் மருத்துவர்களும் வெளிநாட்டு அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளராகவும் ஓட்டுநராகவும் போனார்கள், அங்கே சம்பளம் பல மடங்கு. அரசை வலுப்படுத்த வந்த அமைப்புகளே அரசின் ஆட்களை இழுத்துக்கொண்டன.

இந்த நோயை அக்குவேறு ஆணிவேறாக எழுதியவர் யார் தெரியுமா? அஷ்ரஃப் கனி. கிளேர் லாக்ஹார்ட்டுடன் சேர்ந்து, தோற்றுப்போன அரசுகளைச் சீராக்குவது எப்படி என்று 2008-ல் ஒரு புத்தகமே போட்டார். 2014-ல் அவரே அதிபரானார். 2021 ஆகஸ்ட் 15-ல் நாட்டைவிட்டு வெளியேறினார். அவரைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. நோயைத் தெரிந்தவர் நாற்காலியில் உட்கார்ந்தும், சம்பளத்தை வெளியார் கொடுக்கிற அமைப்பை அவரால் மாற்ற முடியவில்லை.

கொடுக்கிறவர்கள் பக்கமும் ஓர் இக்கட்டு இருக்கிறது. ஒவ்வொரு நாடும் தன் நாடாளுமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். நிதியாண்டு முடிவதற்குள் ஒதுக்கீட்டைச் செலவழிக்க வேண்டும். செலவானால் வெற்றி, மிஞ்சினால் அடுத்த ஆண்டு வெட்டு. ஹெல்மண்டில் அமெரிக்கப் படையின் லெதர்நெக் முகாமில் 64,000 சதுர அடியில் ஒரு தலைமையகக் கட்டடம் எழுப்பினார்கள். செலவு சுமார் 3.6 கோடி டாலர். எங்களுக்கு இது தேவையில்லை என்று களத்தில் இருந்த தளபதி 2010-லேயே எழுதிக் கொடுத்திருந்தார். மேலிடத்தில், நாடாளுமன்றம் பணத்தை ஒதுக்கிவிட்டது, இனி நிறுத்துவது சரியல்ல என்று சொல்லிக் கட்டினார்கள். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் அந்தக் கட்டடம் நின்றது. ஆப்கன் ராணுவத்துக்குக் காட்டுப் பச்சையில் சீருடை வாங்கிய கதையும் உண்டு. அந்த நாட்டில் காடு சுமார் இரண்டு சதவீதம். ராணுவத்துக்கு வாங்கிய இத்தாலியச் சரக்கு விமானங்களில் பதினாறு காபூல் விமான நிலையத்தில் பழைய இரும்பு விலைக்குப் போயின. 54.9 கோடி டாலர் திட்டம், பேரீச்சம்பழத்துக்குப் போடுவதுபோல எடைக்குப் போட்டதில் கிடைத்தது 32,000 டாலர் சொச்சம். இவை சிகார் அறிக்கைகளில் இருப்பவை, வதந்தி இல்லை. இந்தக் கதைகளைச் சொல்லும்போது அவையில் சிரிப்பு வரும், இங்கேயும் வந்தது. ஆனால் இவை ஏதோ முட்டாள்கள் செய்தவை என்று நினைத்தால் பாடம் கைவிட்டுப் போய்விடும். ஒவ்வொரு முடிவும் அவரவர் அலுவலகத்து விதிப்படி சரியாக எடுத்த முடிவு.

நாள்காட்டியும் அப்படித்தான். 2009 டிசம்பர் 1-ம் தேதி ஒபாமா வெஸ்ட் பாயிண்ட்டில் பேசினார். கூடுதலாக 30,000 படையினரை அனுப்புகிறோம் என்றார். அதே பேச்சில், 2011 ஜூலையில் திரும்பப் பெறத் தொடங்குவோம் என்றும் சொன்னார். முதல் செய்தி ஆப்கானிஸ்தானுக்கு, இரண்டாவது செய்தி அமெரிக்க வாக்காளருக்கு. ஆனால் இரண்டையும் ஹெல்மண்ட் கிராமத்துக்காரன் கேட்டான். பதினெட்டு மாதத்தில் போகிறவனை நம்பி, பக்கத்து ஊரிலேயே இருக்கப்போகிறவனை யார் பகைத்துக்கொள்வார்கள்? அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் பலன் காட்ட வேண்டுமென்று பணத்தைக் கொட்டினார்கள். படைத்தளபதிகளுக்கு என்றே ஒரு நிதி இருந்தது. பணத்தை ஓர் ஆயுதமாகக் கையாள்வது எப்படி என்று ராணுவம் கையேடு போட்டது. பாதுகாப்பு இல்லாத வட்டாரத்துக்குத்தான் அதிகப் பணம் போயிற்று. அமைதியாக இருந்த வட்டாரத்துக்காரர்கள், நாமும் நாலு குண்டு வெடித்திருந்தால் நமக்கும் சாலை வந்திருக்கும் போலிருக்கிறது என்று நினைத்தால் அதில் என்ன தப்பு?

படைகளுக்காகக் கொட்டிய பணம் எங்கே போனது என்பது பற்றி அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று 2010 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. படைமுகாம்களுக்குச் சரக்கு கொண்டுபோகிற லாரி ஒப்பந்தம், 216 கோடி டாலர் மதிப்பு. லாரிகளின் பாதுகாப்பையும் ஒப்பந்தக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சாலையைப் பிடித்துவைத்திருந்த உள்ளூர்த் துப்பாக்கிக்காரர்களுக்கு மாமூல் கொடுத்தார்கள். அதில் ஒரு பங்கு தாலிபானுக்கும் போயிருக்கக்கூடும் என்று அறிக்கை சொன்னது. அதே 2010-ல் காபூல் வங்கி கவிழ்ந்தது. அரசு ஊழியர், போலீஸ், ராணுவம் ஆகியோரில் பெரும்பாலோருடைய சம்பளம் அந்த வங்கி வழியாகத்தான் போனது. சுமார் 90 கோடி டாலர் பங்குதாரர்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் கடன் என்ற பெயரில் போயிருந்தது. துபாயில் வீடுகள் வாங்கியிருந்தார்கள்.

எல்லாமே பாழ் என்று சொல்லமாட்டேன். இரண்டு காரியங்கள் உருப்பட்டன. ஒன்று, கிராமங்களுக்கான தேசிய ஒற்றுமைத் திட்டம். 2003-ல் தொடங்கியது. ஊர்க்காரர்கள் ரகசிய வாக்கெடுப்பில் ஒரு மன்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பெண்களும் அதில் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு 200 டாலர் கணக்கில், ஊருக்கு அதிகபட்சம் 60,000 டாலர். கிணறா, சின்ன நீர்மின் நிலையமா, சிறுபாலமா என்பதை ஊர் முடிவு செய்யும். 500 கிராமங்களை எடுத்து, பாதிக்குத் திட்டத்தைக் கொடுத்து, பாதிக்குப் பிறகு கொடுத்து, ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குடிநீரும் மின்சாரமும் கூடின, பெண்கள் பொதுக்காரியங்களில் தலைகாட்டுவது கூடியது, அரசைப் பற்றிய நல்லெண்ணமும் ஓரளவு வளர்ந்தது. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கிழக்கு மாவட்டங்களில் மட்டும் வன்முறையை அது குறைக்கவில்லை. 60,000 டாலரில் எல்லை தாண்டி வருகிறவனை நிறுத்த முடியாதுதான். இரண்டாவது, அடிப்படைச் சுகாதாரத் திட்டம். அமைச்சகம் என்ன சேவை, எங்கே, எவ்வளவு என்று தீர்மானிக்கும். தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் நடத்தும். குழந்தை இறப்பு குறைந்தது. 2021-க்குப் பிறகும் ஐ.நா. அமைப்புகளின் கையில் அந்தச் சேவையின் பெரும்பகுதி உயிரோடு இருக்கிறது. இரண்டிலும் தொகை சிறியது, வேகம் நிதானம், முடிவெடுத்தவர்கள் ஆப்கானியர்கள்.

இந்த இடத்தில், சோமாலியாவிலிருந்து பிரிந்து தனி அரசு நடத்தும் வடபகுதியான சோமாலிலாந்தைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1993-ல் ஒரே நாட்டின் இரண்டு மூலைகளில் இரண்டு வழிகள் நடந்தன. தெற்கே மொகதிஷுவுக்கு ஐ.நா. படை போனது, 28,000 பேர் வரை. சோமாலியக் குழுத்தலைவர்களை அடிஸ் அபாபாவில் கூட்டி மார்ச் மாதம் இரண்டே வாரத்தில் ஒப்பந்தம் போட வைத்தார்கள். படை 1995 மார்ச்சில் வெளியேறியது, ஒப்பந்தம் அதற்கு முன்பே காற்றில் போய்விட்டது. வடக்கே, போராமா என்ற சிற்றூரில் குலப் பெரியவர்கள் ஜனவரி கடைசியில் கூடினார்கள். மே மாதம்வரை பேசினார்கள். யார் யாரைக் கொன்றார்கள், யாருக்கு எந்த மேய்ச்சல் நிலம், பறித்த சொத்தை எப்படித் திருப்புவது என்று மாதக்கணக்கில் பேச்சு. சோற்றுச் செலவைப் பெரும்பாலும் உள்ளூர் மக்களும் வெளிநாட்டில் இருந்த உறவினரும் ஏற்றார்கள். கடைசியில் முகம்மது இப்ராஹிம் எகாலை அதிபராக்கி, பெரியவர்களின் அவையையே ஆட்சியின் ஓர் அங்கமாக வைத்தார்கள். எகால் அரசுக்கு உலக வங்கிக் கடன் கிடையாது, ஏனென்றால் அதைத் தனிநாடாக யாரும் அங்கீகரித்திருக்கவில்லை. பெர்பெரா துறைமுகத்திலிருந்து அரேபியாவுக்கு ஆடு மாடு ஏற்றுமதி செய்கிற வணிகர்களிடம்தான் அது கையேந்த வேண்டியிருந்தது. வணிகர்கள் கடன் கொடுத்தார்கள். பதிலுக்குச் சாலையில் தடுப்பு வைத்துப் பணம் பறிக்கிற கும்பல்களைக் கலைக்கச் சொன்னார்கள். 2003 அதிபர் தேர்தலில் வெற்றி வித்தியாசம் வெறும் 80 ஓட்டு. தோற்றவர் துப்பாக்கியை எடுக்கவில்லை.

சோமாலிலாந்தை நான் பூஜிக்கவில்லை. 1994-ல் மறுபடி சண்டை வந்தது. 2023-ல் லாஸ் அனோத் நகரில், நாங்கள் இந்த ஏற்பாட்டில் இல்லை என்று சொன்ன குலத்தாரோடு ரத்தக்களரி ஆனது. பேரத்தில் யார் விடுபட்டார்களோ அங்கேதான் அது கிழிந்தது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் வெளிநாடுகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். இந்தியா என்ன செய்தது என்று பார்த்தால் ஒரு பகுதி விடை கிடைக்கும். ஆப்கானிஸ்தானில் இந்தியா சுமார் 300 கோடி டாலர் செலவிட்டது. எல்லைச் சாலை அமைப்பு சரஞ்சிலிருந்து டெலாராம்வரை 218 கிலோமீட்டர் சாலை போட்டது. பாகிஸ்தானைச் சுற்றிக்கொண்டு ஈரான் வழியாகக் கடலுக்குப் போகும் வழி அது. அதில் வேலை பார்த்த கேரளத்து ஓட்டுநர் ஒருவரைக் கடத்திக் கொன்றார்கள். உஸ்பெகிஸ்தான் மின்சாரத்தைப் புலே கும்ரியிலிருந்து சலாங் கணவாய் தாண்டிக் காபூலுக்குக் கொண்டுவரும் கம்பித் தடத்தை நம் பவர் கிரிட் நிறுவனம் அமைத்துக் கொடுத்தது. ஹெராத்தில் சல்மா அணை 2016 ஜூனில் திறக்கப்பட்டது. 42 மெகாவாட், 75,000 ஹெக்டேர் பாசனம். அவற்றோடு நூற்றுக்கணக்கான சிறு திட்டங்கள் மாகாணம்தோறும். ராணுவத்தைத்தான் அனுப்பவில்லை. 2003 ஜூலையில் ஈராக்குக்குப் படை அனுப்பச் சொல்லி அமெரிக்கா கேட்டபோதும் டெல்லி மறுத்தது. இலங்கையில் 1987 முதல் 1990 வரை அமைதிப்படை பட்ட பாட்டை, வெளியுறவு அமைச்சகம் இருந்த சவுத் பிளாக்கில் யாரும் மறந்திருக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே செத்தார்கள், தமிழ்ப் பொதுமக்கள் பட்டதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கைப் போர் முடிந்தபின் அதே இந்தியா வடக்கிலும் கிழக்கிலும் வீடு கட்டிக்கொடுத்தபோது, முதல் ஆயிரம் வீடுகளுக்குப் பின் வழியை மாற்றியது. ஒப்பந்தக்காரரை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் என்று பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே தவணையாகப் போட்டது. கட்டுகிறவர் வீட்டுக்காரர்.

ஆனால் நம்மை நாமே ரொம்பவும் மெச்சிக்கொள்ளவும் வேண்டாம். இந்தியா அணை கட்ட முடிந்தது, ஏனென்றால் காவல் செலவு வேறொருவருடையது. நேட்டோ படை நாடு முழுவதும் நின்றதால்தான் நம் பொறியாளர்கள் சல்மாவில் நிற்க முடிந்தது. 2015 டிசம்பரில் நாம் கட்டித் திறந்துவைத்த நாடாளுமன்றக் கட்டடத்தில் இன்று நாடாளுமன்றம் இல்லை. 2025 அக்டோபரில் தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தாகி டெல்லி வந்தார். அவருடைய முதல் பத்திரிகையாளர் சந்திப்பில் பெண் நிருபர்களுக்கு இடமில்லை. கண்டனம் எழுந்தபின் இன்னொரு சந்திப்பு நடத்தி அவர்களையும் அழைத்தார்கள். அதே வாரத்தில் காபூலில் நம் தொழில்நுட்பக் குழுவைத் தூதரகமாக உயர்த்துவதாக டெல்லி அறிவித்தது. அண்டை வட்டாரத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களோடுதான் பேச வேண்டும் என்பது ராஜதந்திர நியாயம், நான் அதை மறுக்கவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளி முடிந்துபோன ஆப்கன் சிறுமிக்கு அந்த நியாயத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு என்னிடம் ராஜதந்திர விடை இல்லை.

2021 கோடையில் அந்த அரசு சரிந்த வேகத்தைப் பார்த்து எல்லோரும் திகைத்தார்கள். காகிதத்தில் மூன்று லட்சம் பேர் கொண்ட படை. அதில் பெயர் மட்டும் இருந்து ஆள் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். சம்பளம் அதிகாரிகளின் பைக்குப் போனது. விமானங்களைப் பராமரித்தவர்கள் வெளிநாட்டு ஒப்பந்த ஊழியர்கள். அவர்கள் கிளம்பியதும் விமானங்கள் தரையில் நின்றன. அதன் பிறகு அமெரிக்காவில் இருந்த ஆப்கன் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் இருப்பை வாஷிங்டன் முடக்கியது. தாலிபான் என்ன செய்தது? எல்லைச் சுங்கச்சாவடிகளைப் பிடித்தது. முன்பு ஆளுநர்களும் தளபதிகளும் தின்றுகொண்டிருந்த சுங்கப் பணம் கருவூலத்துக்கு வந்தது. முதல் ஆண்டிலேயே உள்நாட்டு வருவாய் 200 கோடி டாலர் அளவுக்கு வந்துவிட்டதாக உலக வங்கி குறித்தது. பொருளாதாரம் சுருங்கிக் கிடந்த ஆண்டு அது. உள்ளூரில் வசூலிக்கிற அரசு நல்ல அரசாகிவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. இந்த அரசு யாருக்கும் பதில் சொல்வதில்லை. இருபதாண்டு ஆலோசகர்களால் நிறுத்த முடியாத சுங்கக் கசிவு சில மாதங்களில் நின்றதென்றால், தடையாக இருந்தது திறமைக் குறைவு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இந்தப் பாடம் இன்று சோதனைக்கு வந்திருக்கும் இடம் சிரியா. 2024 டிசம்பர் 8-ல் அசாத் ஆட்சி விழுந்தது. மறுகட்டமைப்புக்குச் சுமார் 21,600 கோடி டாலர் ஆகும் என்பது உலக வங்கியின் மதிப்பீடு. உலக வங்கியில் சிரியா வைத்திருந்த பழைய பாக்கியை சவுதியும் கத்தாரும் 2025-ல் அடைத்தன. அரசு ஊழியர்களின் சம்பளத்துக்கும் கத்தார் பணம் தர முன்வந்தது. குர்துப் படைகளோடு அந்த ஆண்டு மார்ச்சில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது, ஜூலையில் ஸ்வைதாவில் துரூஸ் மக்களின் ரத்தம் சிந்தியது. நான் அங்கே எத்தனை கோடி வருகிறது என்று பார்க்கவில்லை. டமாஸ்கஸ் அரசு தன் சம்பளப் பட்டுவாடாவுக்கு வளைகுடாவைப் பார்த்துக்கொண்டிருக்குமா, அல்லது அலெப்போ வணிகரிடமும் ஸ்வைதாவின் பெரியவர்களிடமும் போய் உட்கார வேண்டிய நெருக்கடி அதற்கு இருக்குமா என்று பார்க்கிறேன். கொடுக்கிறவர்கள் அந்த நெருக்கடியை மிச்சம் வைத்துக் கொடுத்தால் போதும். சம்பளத்துக்கு ஓராண்டு கைகொடுத்து, அடுத்த ஆண்டு பாதி, அதற்கடுத்த ஆண்டு கால் பங்கு என்று முன்கூட்டியே அறிவித்துக் கொடுக்கலாம். 

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.